வசந்தி சொன்ன சரியான விடை

வசந்திக்குத் தெரியாத விடையை நான்தான் களவாகச் சொல்லிக் கொடுத்தேன். அதனால்தான் அவளுடைய தம்பி இறந்தான் என்று இதுவரை யாரும் என்னைக் குற்றஞ்சாட்டவில்லை. நானே சொல்கிறேன்... நீங்கள் கேளுங்கள்.

யாழ்ப்பாணத்து நீர்வேலியில் ஒரு சிறிய பாடசாலையில் நான்காம் வகுப்புக்குக் கற்பித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறாம் ஆண்டில் போர் காரணமாக வடக்குக் கரையோர ஊர்களிலிருந்து சனங்கள் இடம்பெயர்ந்து வந்தார்கள். வசந்தியின் குடும்பமும் அப்படி வந்ததுதான். கடற்றொழில் செய்தவர்கள், இங்கே வாழைத்தோட்டத்து ஓரத்தில் தென்னோலைக் கிடுகால் கொட்டில் போட்டு இருந்தார்கள். வகுப்பில் அவள் வாய் திறந்தாலே மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அடுத்த ஆண்டு, மாரிக்குச் சற்று முன்னர், சுகாதாரப் பரிசோதகர் சைக்கிளில் வந்தார்.

“நோய் வருத்தம் வராமல் காக்கிற விசயங்கள் பிள்ளையளுக்கு எவ்வளவு விளங்கியிருக்கு எண்டு பாக்கப்போறன் டீச்சர். தெரியாத பிள்ளையளின்ரை வீட்டுக்கு மருத்துவமாது போய்த் தாய்மாருக்குச் செய்து காட்டுவா. எல்லா வீட்டுக்கும் போக ஆக்கள் காணாது” என்றார்.

ஆக, ‘தெரியாது’ என்ற விடைக்கும் ஒரு பயன் இருந்தது. அது எனக்கு நன்றாகவே விளங்கியிருந்தது.

பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து விடை சொன்னார்கள். வசந்தியின் முறை வந்தது.

“தம்பிக்கு வயித்தாலை போகுது. குடிக்க என்ன குடுப்பாய், பிள்ளை?”

அவள் தலையைக் குனிந்தாள். பின்வரிசை வாங்கில் யாரோ சிரித்தது கேட்டது. அவளுடைய கண்கள் நிறைந்தன... என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பரிசோதகரின் முதுகுக்குப் பின்னால் நின்று உதட்டை அசைத்தேன்.

“உப்பும் சீனியும் கரைச்ச தண்ணி” என்றாள் வசந்தி.

“கெட்டிக்காரி. நல்லாப் படிப்பிச்சிருக்கிறியள் டீச்சர்.”

நான் புன்னகைத்தேன். அது இரக்கமா? என் வகுப்பின் பெயர் கெடக்கூடாதென்ற எண்ணமா? இரண்டையும் பிரித்தறிய இன்றுவரை என்னால் இயலவில்லை. பின்னராவது அவளைத் தனியே கூப்பிட்டு விளங்கப்படுத்தியிருக்கலாமே! செய்யவில்லை.

கார்த்திகை மழையில் கிணறுகளுக்குள் வெள்ளம் இறங்கியது. ஊரில் பரவிய வயிற்றோட்டம் அந்தக் கொட்டிலுக்கும் போனது. தம்பி பேசப் பழகி அதிக காலமாகவில்லை. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று பயந்து தாய் எதையுமே குடிக்கக் கொடுக்கவில்லை. வசந்தியும் ஒன்றும் சொல்லவில்லை. விளங்காத ஒரு வசனத்தை ஒரேயொரு தடவை ஒப்புவித்த பிள்ளை எதைச் சொல்லும்? கண்கள் குழிவிழுந்த பிறகுதான் தகப்பன் அவனைச் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார். வழியிலேயே...

செத்தவீட்டுக்குப் போனேன். தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தண்ணி தா, தண்ணி தா எண்டு கேட்டவன் டீச்சர். நான்தான் குடுக்கேல்லை. குடுத்திருந்தா இருந்திருப்பானோ?”

அப்போது சொல்லியிருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு மருத்துவமாது ஒருத்தி வந்து எல்லாம் காட்டித் தந்திருப்பாள், அவளை வரவிடாமற் செய்தது நான் என்று...

“உது விதி அம்மா. உங்களிலை பிழையில்லை” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். “இல்லை டீச்சர், என்னிலைதான் பிழை.”

குற்றத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

தொண்ணூற்றைந்தில் போரால் எங்கள் வலிகாமப் பகுதி முழுவதுமே இடம்பெயர்ந்தபோது அந்தக் குடும்பம் எந்தப் பக்கம் போனதென்று தெரியாமற் போயிற்று. தாய் உயிரோடிருந்தால் இன்றும் தன்னையே நொந்துகொண்டிருப்பார். அவருக்குச் சொல்லவேண்டியதை, முன்பின் அறியாத உங்களுக்குச் சொல்கிறேன்... இதனால் அவருடைய பாரம் சற்றும் குறையப்போவதில்லை.