கறுப்புக் கம்பளியில் ஒரு சவுரி

எனக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம் காய்ச்சல் வந்தது. எங்கள் தீவின் கரையோர மாயெபூரிலிருந்து உள்ளே தள்ளி, கரும்புக்கு நடுவில் இருந்த எங்கள் ஊரில் அது புதுசில்லை. மழைக்காலம் வந்துபோனால் வீட்டுக்கு ஒருவராவது படுப்பார்கள். கொய்னா மருந்தின் கசப்பை விழுங்கி நானும் எழுந்துவிட்டேன். சோறு பிடித்து, நடமாட ஆரம்பித்த பிறகுதான் முடி கொட்டத் தொடங்கியது. சீப்பில் வந்தது, தலையணையில் கிடந்தது, வாசல் பெருக்கினால் விளக்குமாற்றில் சுற்றிக்கொண்டது. கடைசியில் திட்டுத்திட்டாக நீட்டிக்கொண்டிருந்ததையும் அம்மா கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டிவிட்டாள். வெட்டி முடித்ததும் அடுப்படிக்குப் போய் அழுதாள்.

கல்யாணம் தை மாதம் என்று பேசியிருந்தது. அதற்குள் ஒரு விரல் நீளம் வளர்ந்தாலே அதிகம்.

"பொண்ணு பார்க்க வந்தப்போ அந்த அம்மா வாய்விட்டு மெச்சினது உன் சடையைத்தானே. இப்ப எந்த மூஞ்சியோட மணையில உக்கார வைப்பேன்?" என்று அம்மா என்னிடமே கேட்டாள். கடையில் சவுரி வாங்க போர்ட் லூயிஸ் போகவேண்டும். போனால் யார் கண்ணிலாவது பட்டு ஊரெல்லாம் பரவிவிடும் என்ற பயம் வேறு. நான் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தேன்.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு விதவை இருந்தார். அவருடைய தாத்தாவும் எங்கள் ஆட்களைப் போலக் கப்பலில் வந்த தமிழர்தான். பிறகு கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து, குடும்பமே ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற குடும்பமாகிவிட்டது. அவர் பேசுவது தீவின் பொதுமொழியான கிரியோல். தமிழில் அக்கா, தங்கச்சி, சாமி, சோறு இவ்வளவுதான் வரும். நாங்கள் அவரை மத்தாந்த் என்போம், அத்தை என்பதுபோல. மேட்டுப்பக்கத்துக் குளிருக்குக் குழந்தைகளின் குல்லாயும் காலுறையும் பின்னி விற்றுப் பிழைத்தார்.

அவர் ஒரு நாள் உள்ளே வந்து, கேட்காமலே என் துண்டை அவிழ்த்துப் பார்த்தார். "பா ப்லோரே, மோ திஃபி" என்றார். அழாதே, என் மகளே என்று அர்த்தம். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பிக் கிரியோலிலேயே சொன்னார். "அக்கா, முடி இல்லேன்னா என்ன, கம்பளி இருக்கு."

மறுநாள் ஒரு பெரிய கறுப்புச் சால்வையோடு வந்தார். புருஷன் செத்த துக்கத்துக்கு அவர் போர்த்தியிருந்த சால்வை. அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது.

"துக்கத்துக்குப் போட்டதை எப்படிக் கல்யாணப் பொண்ணு தலையில..."

"துக்கம் பட்டது நான். கம்பளி பாவம் என்ன செய்யும்?" என்றார் மத்தாந்த். "எனக்கும் இதை மடிச்சு மடிச்சு வைக்க மனசு வரலை, அக்கா. ஒரு நல்ல காரியத்துக்குப் போகட்டுமே."

அம்மா சால்வையைக் கையில் வாங்கினாள். பிறகு மஞ்சள் தண்ணீர் கரைத்து அதன்மேல் தெளித்தாள். அதுதான் அவளுடைய சம்மதம்.

சால்வையின் ஒரு முனையை அவிழ்த்து இழுத்தால் வரிவரியாகப் பிரிந்து வந்தது. பிரிந்த நூல் சுருண்டு சுருண்டு நின்றது. அதை நாற்காலி முதுகில் சுற்றி, கொதிக்கும் தண்ணீரின் ஆவி காட்டி, கீழே கல்லைக் கட்டித் தொங்கவிட்டோம். காய்ந்ததும் நேராகிவிட்டது. ஆனால் சடை அளவுக்கு வெட்டிச் சேர்த்துப் பிடித்தால் பஞ்சுபோலப் பொசுபொசுவென்று இருந்தது. முடி என்று யாரும் நம்பமாட்டார்கள்.

அப்பா வழி சொன்னார். கொஞ்சம் கரும்பும் ஒரு ஜோடி மாடும் வைத்திருந்த மனிதர். மாட்டுக்கயிறெல்லாம் கற்றாழை நாரில் அவரே திரிப்பார். வயலிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தவர், "இப்படிக் கொடு" என்று இரண்டு இழையை வாங்கித் தொடையில் வைத்து லேசாக உருட்டினார். முறுக்கு ஏறியதும் நூல் மெலிந்து மினுமினுத்தது. விரலில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டு நீவினார். அச்சு அசல் முடிதான். அன்றிலிருந்து சாயங்காலம்தோறும் அவர் திரிப்பார், நான் மறுமுனையைப் பிடித்துக்கொள்வேன். மாட்டுக்கயிறு திரித்த கையால் மகளுக்குச் சடை திரிக்கிறார் என்று அம்மாவே சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். காய்ச்சலுக்குப் பிறகு நான் சிரித்தது அப்போதுதான்.

என் முடி பின்னலில் சேராத அளவுக்குக் குட்டையாக இருந்ததால், மத்தாந்த் கறுப்பு நூலில் வலைபோல ஒரு சின்னக் குல்லாய் பின்னினார். சவுரியை அதில் தைத்தோம். தலையைத் திருப்பினால் வழுக்கியது. காதுக்குப் பின்னால் ஒரு நாடா கொடுத்து இறுக்கியதும் நின்றது. சடை நுனிக்குக் குஞ்சலம் நானே செய்தேன். மத்தாந்த் குழந்தைக் குல்லாய் பின்னி மிஞ்சிய சிவப்புக் கம்பளியைத் தீப்பெட்டியின்மேல் சுற்றி, ஒரு பக்கம் இறுக்கிக் கட்டி, மறுபக்கம் வெட்டிவிட்டால் ஒரு குஞ்சலம். பிடித்துப்போய் தேவைக்கு மேலேயே செய்து வைத்தேன்.

முகூர்த்தம் மாப்பிள்ளை ஊர்க் கோயிலில். எங்கள் தீவில் தை மாதம் மழை நேரம். வண்டியை விட்டு இறங்கிக் கோயில் வாசலுக்குப் போவதற்குள் ஒரே கொட்டாகக் கொட்டியது. மணையில் உட்கார்ந்தபோது சடை ஈரக்கோணி போலக் கனத்தது. முதுகில் ஏதோ ஊர்ந்து இறங்குவது தெரிந்தது. திரும்பிப் பார்க்க முடியுமா? தாலி ஏறியது, மாலை மாற்றினோம். பின்னால் பெண்கள் குசுகுசுவென்று பேசுவது மட்டும் காதில் விழுந்தது.

மாப்பிள்ளை வீட்டுக்கு வந்ததும் மாமியார் என் கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். அப்போதுதான் பார்த்தேன். மஞ்சள் கூறைப்புடவையின் முதுகுப்பக்கம் முழுக்கக் கறுப்புக் கோடு. நான் விசும்பி அழுதுவிட்டேன்.

"ஏன் அழுவுற? சாயந்தானே போச்சு."

"அத்தை, அது... அது என் முடி இல்ல."

"தெரியும்" என்றார் அவர், நாடாவை அவிழ்த்துக்கொண்டே. "மார்கழியில ஒரு ஞாயித்துக்கிழமை உங்கப்பா வந்தாரு. உக்காரக்கூட இல்ல. 'பொண்ணுக்குக் காய்ச்சல்ல முடி போயிடுச்சு, மறைச்சுக் கட்டிக்கொடுக்க எனக்கு மனசில்ல. வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க'ன்னு நின்னாரு. என் மகன் பக்கத்துலதான் இருந்தான். 'முடி வளராதா, மாமா?'ன்னு கேட்டான். அவ்வளவுதான் பேச்சு."

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"போகும்போது ஒண்ணு கேட்டுக்கிட்டாரு. 'வீட்டுல உக்காந்து ஆசையாச் செஞ்சுக்கிட்டிருக்கா. உங்களுக்குத் தெரியும்னு காட்டிக்காதீங்க'ன்னு." சவுரியை ஜன்னலுக்கு வெளியே நீட்டி இரண்டு கையாலும் பிழிந்தார். கறுப்புத் தண்ணீர் சொட்டியது. தன் முந்தானையால் என் கழுத்தையும் முதுகையும் துடைத்துவிட்டு, வேறு புடவை எடுத்துக் கொடுத்தார். நாத்தனார் வந்து முள்முள்ளாக நின்ற என் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, அந்தக் குட்டை முடியிலேயே எப்படியோ மல்லிகையைச் செருகிவிட்டாள். நான் அப்படியே வாசல் பந்தலுக்கு வந்து உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்து, "இப்பக் கனமில்லையே?" என்று மட்டும் கேட்டார்.

மாப்பிள்ளை ஊருக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்து, அவர்களுக்குத் தெரியும் என்று தெரிந்தே, ஒவ்வொரு சாயங்காலமும் என் எதிரில் உட்கார்ந்து நூலைத் திரித்த அப்பாவை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். அவரிடம் நான் அதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மாட்டைப் பார்க்க எழுந்து போயிருப்பார்.

பிறகு என்னைப் பார்க்க அம்மாவோடு மத்தாந்தும் வந்தார். சாயம் போனதைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தச் சால்வை முதலில் பழுப்பாம். புருஷன் செத்தபோது புதுசு வாங்க வழியில்லாமல் அவரே பானையில் சாயம் காய்ச்சி முக்கியிருக்கிறார். "அதை மறந்தே போனேனே!" என்று மாமியாரிடம் மன்னிப்புக் கேட்க எழுந்தார். மாமியார் அவரைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார். டீ கொடுத்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, தன் கொண்டையைத் தடவிக்கொண்டே, "அந்தக் கம்பளி இன்னும் மிச்சம் இருக்கா?" என்று கிரியோலில் கேட்டார். வயசாகி அவருக்கும் முடி எலிவாலாகிவிட்டிருந்தது.

நானும் மத்தாந்தும் சேர்ந்து மாமியாருக்கு ஒரு கொண்டை செய்தோம். இந்த முறை மத்தாந்த் நூலை வினிகரும் உப்பும் போட்ட தண்ணீரில் ஊறவைத்து, அலசிய தண்ணீர் தெளிவாக வரும்வரை விடவில்லை. பூ மிதிக்கும் திருவிழாவுக்கு மாமியார் அதை வைத்துக்கொண்டு போனார். நான் மறைக்கத்தான் செய்வார் என்று நினைத்தேன். அவரோ கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் திரும்பித் திரும்பிக் காட்டினார். "கம்பளிதான். தொட்டுப் பாருங்க. என் மருமக பண்ணினது."