ராகுகாலத்தில் நின்ற பருப்புக் கொன்டெய்னர்

அந்த வெள்ளிக்கிழமை ஷெட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். பருப்பு ஏற்றுமதி செய்யும் முதலாளி. அவர் தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்து, பொயிண்ட் குக் புறநகரில் மாடி வீடு கட்டியவர். அவருடைய மனைவி. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மலேசியத் தமிழர். மாநில அரசின் வர்த்தக அலுவலகத்திலிருந்து படம் எடுக்க வந்த வெள்ளைக்காரப் பெண்மணி. பிறகு, ட்ரக்கோடு நான். பின்னால் ஆளுக்கொரு கதை சொன்னார்கள், அதனால்தான் இதை முதலில் எழுதிவைக்கிறேன்.

கொழும்புக்குப் போகும் முதல் கொன்டெய்னர் அது. ஊரில் நாங்கள் மைசூர்ப் பருப்பு என்று வாங்கிச் சமைத்த சிவப்புப் பருப்பு எல்லாம் இந்த விக்டோரியா மாநிலத்தில் விளைவதுதானாம். இங்கே வந்துதான் எனக்குத் தெரியும். ஏற்றுமதி கூடியது பொய்யில்லை. அதை நம்பித்தான் கடனுக்கு ட்ரக் எடுத்தேன். மாதத் தவணை ஒன்று தவறினால் வந்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் எனக்குச் சாப்பாட்டோடு சேர்ந்தே இறங்கும்.

துறைமுகத்தில் எனக்குக் கிடைத்த ஸ்லாட், அதாவது உள்ளே விடும் நேரம், பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் இடையில். தவறினால் அபராதம். அன்றைக்கு அந்தக் கப்பலுக்கு அதுதான் கடைசி நேரமும். பத்து மணிக்கே எல்லாம் ஏற்றி முடிந்துவிட்டது.

"தம்பி, தேங்காயை உடையுங்கோ. நான் வெளிக்கிடுறன்" என்றேன் முதலாளியிடம்.

"இருங்கண்ணே. பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பிக்குது. படம் எடுக்கிற கவர்ன்மென்ட் மேடம் இன்னும் வரல. பன்னெண்டு அடிச்சதும் உடைச்சிரலாம்."

"பன்னிரண்டுக்கு வெளிக்கிட்டா அரை மணித்தியாலம் ஓட்டம். ரோட்டில ஏதும் நடந்தா?"

"ஏதும் நடக்கக் கூடாதுன்னுதானண்ணே பூஜையே!"

ஃபோர்க்லிஃப்ட்காரர் சிரித்தார். "அங்கிள், கப்பலுக்கு ராகுகாலம் தெரியாது லா."

பதினொன்றுக்கு அந்தப் பெண்மணி வந்தார். ஏற்றுமதி வளர்ந்தால் இந்த மாநிலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் பலன் போய்ச் சேரும் என்று விகிதக் கணக்கோடு ஒரு சின்னப் பேச்சுப் பேசினார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அவருடைய விகிதங்கள் விளங்கவில்லை. என்னைப் பார்த்து, உங்களுக்குப் பெருமையாக இருக்குமே என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன்.

பன்னிரண்டு ஆனது. நான் இஞ்சினைப் போட்டுவிட்டேன். முதலாளி தேங்காயை ஓங்கினார். அப்போதுதான் போனைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி கத்தினார்.

"ஏங்க, நிறுத்துங்க! இப்ப டேலைட் சேவிங், இங்க கடிகாரத்த ஒரு மணி முன்னால தள்ளி வெச்சிருக்காங்க. காலண்டர்ல இருக்கிற நேரத்தோட ஒரு மணி சேர்க்கணும். ராகுகாலம் இப்பதான் நடுவுல இருக்கு. ஒரு மணி வரைக்கும்!"

ஓங்கிய கை அப்படியே இறங்கியது. அப்படியானால் பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை, நாங்கள் பயந்து பயந்து வீணாக்கிய அந்த ஒரு மணித்தியாலம் முழுக்க நல்ல நேரம்! அப்போதே உடைத்திருந்தால் நான் துறைமுக வாசலில் நின்றிருப்பேன்.

"தங்கச்சி, இதை முதலே பாத்திருக்கலாம்தானே?"

"என்னைக் கேட்டா? உங்க ஊர்லயும் ராகுகாலம் பார்ப்பாங்கல்ல. நீங்க சொல்லியிருக்கலாமே."

"தேங்காய் வேண்டாம் தம்பி. நான் போறன்."

"முதல் லோடுண்ணே! உடைக்காம வண்டிய எடுத்தீங்கன்னா அதோட நம்ம உறவு முடிஞ்சுது."

தவணை என்னைக் கட்டிப்போட்டது. இஞ்சினை நிறுத்தினேன். தாமதம் ஏன் என்று பெண்மணி கேட்டார். எங்கள் கலாசாரம் என்றார் முதலாளி. அந்த அம்மா நெஞ்சில் கைவைத்து மரியாதையாகக் குனிந்தார். எனக்கு அந்தத் தேங்காயை வாங்கி வேறு எங்காவது உடைக்க வேண்டும் போல இருந்தது.

ஒன்று அடித்ததும் உடைத்தார்கள், படம் எடுத்தார்கள். துறைமுகத்தில் என்னை உள்ளே விடவில்லை. கப்பல் போய்விட்டது.

அபராதம், அடுத்த கப்பல் வரை கொன்டெய்னரை வைத்திருந்த செலவு, பிந்தியதற்குக் கொழும்பு வியாபாரி கேட்ட தள்ளுபடி எல்லாவற்றையும் முதலாளி என் அந்த மாத ஓட்டக் கூலியில் கழித்தார். கழித்ததில் கூலி முழுதாகவே போய்விட்டது. கேட்கப் போனேன்.

"ஸ்லாட் உங்க பேர்லதான இருந்துச்சு? வண்டி லேட்டுன்னா டிரைவர்தான் பொறுப்பு. உலகம் பூரா அதான் ரூல்."

"தேங்காயோட நிண்டது ஆர் தம்பி?"

"சாமி விஷயத்த இதுல இழுக்காதீங்கண்ணே. பாவம்."

நம் ஆள் என்று நம்பி ஒரு கையெழுத்தும் வாங்காமல் வண்டி ஓட்டியவன் நான். டிரைவர் பிந்தி வந்தான் என்றுதான் இப்போது கோயிலில்கூடச் சொல்கிறாராம். அன்று எடுத்த படம் அவருடைய அலுவலகச் சுவரில், ஏற்றுமதி வளர்ச்சி என்ற தலைப்போடு தொங்குகிறது. மாலை போட்ட என் ட்ரக் அதில் அழகாகத்தான் இருக்கிறது. அந்த மாதத் தவணையை மனைவியின் காப்பை அடகு வைத்துக் கட்டினேன். காப்பு இன்னும் திரும்பவில்லை.

அவர் எனக்குத் தர வேண்டியது அந்த மாதக் கூலி, ஆறாயிரத்து இருநூறு டொலர்.