வண்ணப் பெட்டிக்குள் மூக்குத்தி

என் மனைவிக்குப் பித்தப்பையில் கல். குரோம்பேட்டையில் ஆபரேஷன் என்று முடிவானதும் அவள் எனக்கு இட்ட கட்டளை ஒன்றுதான்: "அங்க வந்து நர்ஸுங்க உயிர எடுக்காதீங்க. ஒரு ஓரமா உக்காந்து படம் வரைங்க."

ஊரப்பாக்கம் வீட்டில் அவள் தன் பையை அடுக்கி முடித்துவிட்டாள். நைட்டி, துண்டு, பிளாஸ்க், ஸ்கேன் ஃபைல். நான் கட்டில் முழுக்கக் கடை பரப்பியிருந்தேன். டியூப் வண்ணம் என்றால் மூடி கழன்று சிவப்பு வழியும். ஆஸ்பத்திரியில் அது ஆகாது. ஆகவே கட்டி வண்ணங்கள் வைத்த சின்னத் தகரப் பெட்டி. தூரிகை கழுவ டம்ளர் வைத்தால் யாராவது மாத்திரை போட எடுத்துக் குடித்துவிடுவார்கள். ஆகவே கைப்பிடிக்குள்ளேயே தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் தூரிகை. காகிதம் பறக்காமலிருக்க கிளிப். மடக்கு ஸ்டூல்.

"ஸ்டூல் எதுக்கு?"

"ஜன்னல் பக்கம் இடம் கிடைக்கலைன்னா?"

"ஏங்க, ஆபரேஷன் எனக்கா, உங்களுக்கா?"

எனக்குத்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. பென்சில் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

தாலிச் செயினை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மெட்டியும் மூக்குத்தியும்தான் பாக்கி. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நர்ஸ் அவற்றைச் சோப்பு போட்டுக் கழற்றி, "சார், பத்திரமா வெச்சுக்கோங்க" என்று என் உள்ளங்கையில் போட்டார். ஸ்ட்ரெச்சர் உள்ளே போயிற்று. கதவு சாத்திக்கொண்டது.

ரப்பருக்குக்கூட தனி உறை கொண்டுவந்தவனிடம் ஒரு மூக்குத்திக்கு இடமில்லை. சட்டைப் பையில் போட்டால் குனியும்போது விழும். கடைசியில் வண்ணப் பெட்டியில், தீர்ந்துபோன வண்ணங்களின் காலிக் குழிகள் கண்ணில் பட்டன. ஒன்றில் மெட்டி, ஒன்றில் மூக்குத்தி. அழுத்தி மூடினேன். அப்புறம்தான் உறைத்தது: படம் வரைய வேண்டுமென்றால் பெட்டியைத் திறக்க வேண்டும். திறந்தால் மூக்குத்தி யார் செருப்புக்கடியிலாவது உருண்டுபோகும்.

இரண்டு கையாலும் பெட்டியை மூடிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவ்வப்போது காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன்.

பக்கத்தில் தன் மச்சானுக்காகக் காத்திருந்த கோவிலம்பாக்கத்துக்காரர் கேட்டார்: "இன்னா சார், பாக்கு டப்பாவா? ஒண்ணு குடு சார்."

"இல்லீங்க. மூக்குத்தி."

என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.

இதெல்லாம் இப்போது முடி வெட்டுகிற மாதிரி என்று ஊருக்கெல்லாம் ஜோக்கடித்தவன் நான். கதவு திறக்கும்போதெல்லாம், யாரைக் கூப்பிட்டாலும் எழுந்து நின்றேன்.

ஒருவழியாக டாக்டர் என்னைக் கூப்பிட்டு, நல்லபடியாக முடிந்தது என்று ஒரு குப்பியில் கல்லைக் காட்டினார். பச்சை கலந்த பழுப்பு. அந்த நிறம் என் பெட்டியில் இல்லை.

வார்டில் அரைக்கண் திறந்து கேட்டாள்: "வரைஞ்சீங்களா?"

பெட்டியைத் திறந்து நீட்டினேன். நான் ஆட்டிய ஆட்டத்தில் மூக்குத்தி சோப்பு ஈரத்தோடு குழி தாண்டிப் போய் நீல வண்ணத்தில் அப்பிக்கொண்டிருந்தது. பார்த்தாள். உதடு கோணியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, சிரிக்க வைக்காதீங்க. தையல் இழுக்குது."

எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியமும் அத்தோடு போயிற்று. வாயை மூடிக்கொண்டு, தண்ணீர்த் தூரிகையை எடுத்து, மூக்குத்தியைக் கழுவ ஆரம்பித்தேன்.