பெட்டியக்காவின் ‘கொஞ்சம்’

அவளை எல்லோரும் பெட்டியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கண்ணாடிச் சாமான் கடையில் பாதி ஆயுளைப் பெட்டி கட்டியே கழித்தவள். கட்டி முடித்ததும் பெட்டியைக் காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்குவாள். சத்தம் வந்தால் பிரித்து மறுபடி கட்டுவாள். எதையும் அரைகுறையாகச் செய்ய அவளால் முடியாது. அதில் கர்வம் வேறு.

தம்பி வயலின் வாசிப்பவன். அவனுடைய இசைக்குழு வெளிநாடு கிளம்பியபோது, சாமான்களைப் பார்த்துக்கொள்ள அக்காவை அழைத்துப் போகலாம் என்றான். “குடும்பச் சுற்றுலாவா இது?” என்று கிட்டார்க்காரர் முகத்தைச் சுளித்தார். குழுவின் தலைவியான பாடகி யோசித்து, “இந்த ஒரு பயணம் பாப்போம். ஏதாவது ஒண்ணு கெட்டுச்சுன்னா அடுத்த தடவை வேண்டாம்” என்றாள். அக்காவோ அதற்குள் கடை வேலையை விட்டுவிட்டாள். ஊர் ஊராகப் போக வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

சும்மா சொல்லக்கூடாது, வேலையில் புலிதான். ஒவ்வொரு கருவியையும் நாலு பக்கமும் படம் எடுத்து வைத்தாள். அந்த ஊர் மின்சாரத்துக்கு எந்த பிளக் பொருந்தும் என்று விசாரித்து வாங்கினாள். வயலினை விமானத்தில் கையோடுதான் கொண்டுபோக வேண்டும் என்று அடம்பிடித்தாள். கச்சேரிக்கு முந்தின நாளே போய்ச் சேரும்படி டிக்கெட்டையும் மாற்ற வைத்தாள்.

கிளம்பும் அவசரத்தில் தம்பி வாய் நிறையச் சோற்றோடு சொன்னான்: “அக்கா, வயலின் கம்பியைக் கொஞ்சம் தளர்த்திடு.”

வந்தது வினை. பெட்டியக்காவுக்குக் ‘கொஞ்சம்’ என்பது இன்னும் முடியாத வேலை. நாலு கம்பிகளையும் தொளதொளவென்று ஆகும்வரை தளர்த்திவிட்டாள்.

போய் இறங்கி, விடுதி அறையில் வயலின் பெட்டியைப் பழக்கதோஷத்தில் குலுக்கினாள். உள்ளே கடகடவென்றது. ஓடிப்போய்த் தம்பியைக் கூட்டிவந்தாள்.

தம்பி திறந்து பார்த்தான். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் சாய்ந்து கிடந்தது. அதை அவனே நிறுத்திவிடுவான். பெரிய சிக்கல் வயலினின் வயிற்றுக்குள் இருந்தது. அங்கே ஒரு சின்ன மரக்குச்சி பசையில்லாமல், கம்பிகளின் அழுத்தத்தால் மட்டும் நிற்கும். அழுத்தம் போனதும் விழுந்துவிட்டது. அது இல்லாமல் வாசித்தால் தகர டப்பாவைத் தேய்த்த மாதிரி இருக்கும்.

“நீ வாயைத் திறக்காதே, நான் பாத்துக்கறேன்” என்றான் தம்பி.

முந்தின நாளே வந்ததால் பிழைத்தார்கள். மறுநாள் காலை அரங்கத்துக்காரர்கள் வயலின் பழுதுபார்ப்பவர் ஒருவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். அவர் வளைந்த இரும்புக் கம்பி ஒன்றை வயலினின் துளை வழியாக விட்டு, ஒற்றைக் கண்ணால் பார்த்துப் பார்த்துக் குச்சியை நிறுத்தினார். வயலின் பழையபடி பாடியது.

விஷயம் தலைவி காதுக்குப் போய்விட்டது. எல்லோரையும் அறையில் கூட்டினாள்.

“நான்தான் முழுசாத் தளர்த்திட்டேன்” என்றான் தம்பி.

“இத்தனை வருஷம் வாசிக்கறே, இதுகூடத் தெரியலையா? இனிமே பயணத்துல வயலினை நீ தொடவே வேண்டாம். அக்காவே பாத்துக்கட்டும்” என்றாள் தலைவி.

கிட்டார்க்காரர்கூடத் தலையாட்டினார். பேசாமல் இருந்திருந்தால் பெட்டியக்காவுக்கு யோகம்தான். ஆனால் தம்பி தனக்காகத் திட்டு வாங்குவது அவளுக்குப் பொறுக்கவில்லை.

“அவன் இல்லம்மா, நான்தான். என்னை அனுப்பிடுங்க” என்றாள். கண்ணில் நீர் முட்டியது.

தலைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். “இந்தத் தப்பை நாளைக்கு நான் பண்ணலாம், இவங்க யாராவது பண்ணலாம். இனி ஜென்மத்துக்கும் பண்ணாத ஆள் இந்த ரூம்ல ஒருத்தர்தான் இருக்காங்க. எல்லாரும் பெட்டிச் சாவியை அவங்ககிட்டக் கொடுங்க.”

முதலில் சாவியை எடுத்து நீட்டியவர் கிட்டார்க்காரர்தான்.