கழியாத இழைகள்

"எங்கள் குடும்பத்தில் எவருக்கும் இப்படி முடி கிடையாது." இந்த வாக்கியத்தை நான் இருமுறை சொல்லியிருக்கிறேன். ஒருமுறை என் மகனிடம், மறுமுறை சென்னையில் ஒரு மருத்துவரிடம். இரண்டு முறையும் அது பொய் என்று அறிந்தே சொன்னேன்.

என்னை அறிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். எங்கள் குப்பத்தில் முதலில் பட்டம் பெற்றவன் நான். முப்பத்து மூன்று ஆண்டுகள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். ஏரியில் இன்ன நாள் இன்ன இடத்தில் இன்னார் வலை போடலாம் என்று சீட்டெடுத்துப் பிரித்துக்கொள்ளும் முறையைப் 'பாடு' என்போம். பாடு பிரிக்கும் கூட்டத்தில் சச்சரவு எழுந்தால் என் வார்த்தைக்காகக் காத்திருப்பார்கள். பாடு உரிமையுள்ள குடும்பங்களுக்குள்ளேயே பெண் கொடுப்பதும் எடுப்பதும் எங்கள் வழக்கம். அவ்வழக்கப்படியே என் தங்கையின் மகளை என் மகனுக்குக் கட்டிவைத்தேன். நெருங்கிய உறவில் மணம் செய்தால் பிள்ளைகளுக்கு எவ்வாறு குறை வரக்கூடும் என்று கரும்பலகையில் வட்டமும் சதுரமும் வரைந்து விளக்கியவனும் நானே. வகுப்பு வேறு, வீடு வேறு என்று அப்போது எண்ணியிருந்தேன்.

பேத்தி பிறந்தபோது குறை ஒன்றும் தெரியவில்லை. முதல் மொட்டைக்குப் பின் வளர்ந்த முடிதான் வேறாக இருந்தது. எங்கள் வீட்டார் அனைவருக்கும் நேரான, கனத்த, கருத்த முடி. இவளுக்கோ வெளிறிய நிறத்தில், மினுப்பே இல்லாமல், சுருண்டு சுருண்டு மேலெழுந்து நின்றது. எண்ணெய் வைத்தால் படியவில்லை. மறுபடியும் மொட்டையடித்தார்கள், அப்படியே வளர்ந்தது. மூன்றாம் முறை நானே அடிக்கச் சொன்னேன். பத்தாம் நாள் அவள் உச்சியைத் தடவியபோது, முளைக்கும் முன்பே அது உள்ளே சுருண்டுகொண்டிருப்பதைப் போல் விரலுக்குத் தெரிந்தது. என் கை தானாகப் பின்வாங்கியது.

அந்த முடியை நான் முன்பே தொட்டிருக்கிறேன்.

என் பதினோராம் வயது வரை நாங்கள் ஏரிக்கு வடக்கே சுண்ணாம்புக்குளத்துப் பக்கம் இருந்தோம். எனக்கு நான்கு வயது மூத்த அக்கா ஒருத்தி இருந்தாள். அவளுக்கு இதே முடி. ஆறு வயதில் தடுமாறி நடந்தாள், பத்து வயதில் சுவரைப் பிடித்து நகர்ந்தாள், பன்னிரண்டில் பின்னறையில் படுத்துவிட்டாள். பேச்சு குழறி, நீருக்குள்ளிருந்து ஒருவர் அழைப்பது போலக் கேட்கும். ஊரில் அதைக் காற்றுச் சேட்டை என்றார்கள். எங்கள் வாசல் பக்கம் வருவதையே சிலர் விட்டுவிட்டார்கள். வெளியாட்கள் வந்தால் அம்மா பின்னறைக் கதவைச் சாத்துவாள். சாத்திய கதவுக்குப் பின்னிருந்து அக்கா எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவாள். நாங்கள் கேட்காதவர்கள் போல் உட்கார்ந்திருப்போம்.

பதினைந்து வயதில் அவள் இறந்தாள். அந்த மாதமே நைனா எங்களைப் படகில் ஏற்றி இந்தக் கரைக்கு அழைத்துவந்துவிட்டார். படகில் அம்மா கேட்டாள்: "அங்க போனா, நீங்க எத்தினி பேருன்னு கேப்பாங்க. இன்னா சொல்வீங்க?" தம்பி விரல்விட்டு எண்ணி நான்கு விரல்களைக் காட்டினான். அம்மா அவற்றில் ஒன்றை மடக்கினாள். கரை சேரும்வரை அந்த விரலை அவள் விடவில்லை. அம்மாவின் மடியில் இருந்த தங்கைக்கு அப்போது இரண்டு வயது. அவளுக்கு எதுவும் நினைவில்லை, எவரும் சொல்லவும் இல்லை. பெற்றோருக்குப் பின் தம்பியும் இறந்துவிட்ட பிறகு, அக்கா இருந்தாள் என்று அறிந்த ஒரே ஆள் குடும்பத்தில் நானாகிவிட்டேன்.

பேத்திக்கு நான்கு வயதான கோடையில் கடல்நீர் வரும் முகத்துவாரம் அடைத்துக்கொண்டு ஏரி வெகுதூரம் உள்வாங்கியது. காலையில் சேற்றோரமாக நடப்பது என் பழக்கம். ஒருநாள் சேற்றில் சிறு காலடிகள் தெரிந்தன. பாதத்தின் உட்புறம் மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தது. வெளிப்புறம் பதியவே இல்லை. ஒவ்வோர் அடிக்கும் இடையே பெருவிரல் இழுபட்ட கோடு. அக்கா நடந்த காலத்தில் எங்கள் பழைய வீட்டு வாசலில் இருந்த தடங்கள் இவை. அறுபது ஆண்டுகளாக ஏரியடியில் கிடந்து, நீர் வற்றியதும் வெளிப்பட்டனவோ என்று, படித்தவனாகிய நான் ஒரு கணம் நினைத்தேன். பிறகு தடங்கள் சென்ற திசையில் பார்த்தேன். பேத்தி, காய்ந்த கரைமேல் நடந்த தன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடி வைப்பதற்கு முன்பும் குனிந்து, நடக்கலாமா என்று தன் காலையே கேட்பது போல் பார்த்துப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். அக்காவும் அப்படித்தான் பார்ப்பாள்.

நான் செய்ததை மறைக்கப்போவதில்லை. என் செருப்புக் காலால் அந்தத் தடங்களை ஒவ்வொன்றாக அழித்தேன்.

அதற்குள் ஊரில் பேச்சு எழுந்திருந்தது. மருமகள் திருமணத்துக்குப் பின் இரண்டு ஆண்டுகள் துறைமுகத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தவள். வலை சீர்செய்துகொண்டிருந்தவர்கள், நான் வருவதைக் காணாதவர்கள் போலப் பேசினார்கள்.

"வாத்தியார் பேத்தி முடி இன்னாடா தேங்கா நாரு மாதிரி கீது? அந்த வூட்ல யாருக்கும் இல்லியே."

"கப்பலுங்க வர்து, போவுது. எந்தக் கப்பல்ல எறங்கிச்சோ!"

"டேய், கம்னு கெட. வாத்தியாரு வர்றாரு. அவரு கிட்டயே கேளேன், அவருதான் உயிரியல் படிச்சவரு."

சிரித்தார்கள். அற்பர்களுக்குப் பதில் சொல்வதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கடந்துசென்றேன். அன்று மாலையே, கடலுக்குப் போய்த் திரும்பிய மகன் என்னெதிரில் வந்து நின்றான்.

"நைனா, ஒண்ணு கேக்கறேன். நம்ம வூட்ல, முன்னாடி, யாருக்குனா இந்த மாதிரி முடி இருந்திச்சா?"

நான் புத்தகத்திலிருந்து தலையை உயர்த்தாமல், நீங்கள் முதலில் படித்த அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் குழந்தையைத் தூக்கி நான் பார்க்கவில்லை.

மருமகள்தான் சென்னைக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். "படிச்சவங்க, நீங்க கூட வாங்க மாமா" என்றாள். நரம்பியல் மருத்துவரான அந்த அம்மையார் குழந்தையின் காலை முதலில் பார்க்கவில்லை. ஒரு முடிச்சுருளை விரலால் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு எங்களிடம் திரும்பினார்.

"இந்த மாதிரி முடி, இந்த மாதிரி நடை, குடும்பத்துல வேற யாருக்காவது இருந்திருக்கா? ரொம்ப முன்னாடின்னாலும் பரவாயில்ல."

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் என் வாக்கியத்தை இரண்டாம் முறையாகச் சொன்னேன்.

குழந்தையின் கணுக்கால் ஓரத்திலிருந்து நரம்பின் சிறு துண்டொன்றை எடுத்தார்கள். சில வாரங்கள் கழித்து, நான் விலங்கியல் ஆசிரியன் என்பதை அறிந்த மருத்துவர் என்னை நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். நரம்பின் குறுக்குவெட்டில் சிறு சிறு வளையங்கள் நெருங்கி நிற்கும். வாழ்நாள் முழுவதும் மாணவர்களுக்குக் காட்டிய காட்சி அது. இதில் அவற்றுக்கு நடுவே, எண்ணி நான்கைந்து வளையங்கள் மட்டும் ஊதிப் பெருத்து, கண் விழித்துப் பார்ப்பவை போல நின்றன.

மருத்துவர் விளக்கினார். நரம்பிழைக்குள் அதன் வடிவத்தைத் தாங்கும் நுண்ணிய புரத இழைகள் கட்டடத்துச் சாரம் போல ஓடுகின்றன. பழையவை கழிக்கப்பட்டுப் புதியவை வந்தபடி இருக்க வேண்டும். கழிக்க வேண்டியவற்றைக் கண்டுபிடித்து அடையாளமிட உதவுவதற்கென்று ஒரு புரதம் உண்டு. அடையாளம் பெற்றவற்றைத்தான் உயிரணு சிதைத்து அப்புறப்படுத்தும். இக்குழந்தையிடம் அந்தப் புரதம் பழுது. ஆகவே போகவேண்டிய இழைகள் போகாமல் தங்கிவிடுகின்றன. ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்து, பாசி அடைத்த வலைமடி போல நரம்பிழை ஆங்காங்கே புடைத்துவிடுகிறது. செய்தி கடந்து செல்ல வழியில்லை. நீளமான நரம்புகள் முதலில் கெடும், அதனால் கால் முதலில் போகும். முடியும் அதே குலத்தைச் சேர்ந்த இழைகளால் ஆனதுதான், அதனால்தான் அது இப்படிச் சுருள்கிறது. குணமாக்கும் மருந்து இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது.

"அம்மா, அப்பா ரெண்டு பேர் கிட்டயும் இந்தக் குறை மறைஞ்சிருந்தாத்தான் குழந்தைக்கு வரும்," என்றார். "அப்பாவோட ரத்தமும் வேணும்."

வெளியேறும்போது மருமகளின் முகத்தில் துயரத்தோடு கூடவே ஒரு வெளிச்சத்தையும் கண்டேன். தன்மேல் விழுந்த பழியைத் துடைக்கக் கணவனின் ஒரு துளி இரத்தம் போதும் என்பதை அவள் புரிந்துகொண்டிருந்தாள். மகனோ மறுத்துவிட்டான். "எம்மேல இன்னா கீது? நம்ம பரம்பரையில இல்லன்னு நைனாவே சொல்லிட்டாரு" என்றான். இரத்தம் வேறு விடை சொல்லிவிடுமோ என்று அவன் அஞ்சினான். அந்த அச்சம் என் வாக்கியம் கொடுத்தது.

அடுத்த வாரம் ஒரு முற்பகலில் என் தங்கை ஆட்டோவில் வந்து இறங்கினாள். மகளையும் பேத்தியையும் அழைத்துப்போக வந்திருந்தாள். வேலிக்கு அப்பால் பத்துப் பேர் கூடிவிட்டார்கள்.

"அண்ணே, எம்பொண்ண நானே கூட்டிக்கினு போறேன். ஊரே கறை பூசுச்சு. பெரிய மனுசன் நீ, ஒரு வார்த்த கேட்டியா?"

"அத்தே, நான் போவச் சொல்லல" என்றான் மகன்.

"ஆமா, போவச் சொல்லல" என்றாள் மருமகள், பையைத் தூக்கியபடி. "ரத்தமும் குடுக்கல. கடல்ல சுறாவுக்குப் பயப்படாத ஆளு, ஒரு ஊசிக்கு ஓடி ஒளியறாரு."

வேலியோரத்தில் எவரோ சிரித்தார்கள். பேத்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாயிடம் போக வேண்டும். கால்களைக் குனிந்து பார்த்தாள், நகர முடியவில்லை. "தாத்தா" என்று கூப்பிட்டாள். அந்தக் குரலில் சென்ற மாதம் இல்லாத ஒரு குழறல், நீருக்கடியிலிருந்து வருவது போன்ற ஒன்று, முதன்முதலாகக் கலந்திருந்தது. அந்தக் குரலைக் கேட்காதவன் போல் இன்னொரு முறை உட்கார்ந்திருக்க என்னால் இயலவில்லை.

"இந்த முடி அக்காவுக்கு இருந்தது" என்றேன்.

தங்கை திரும்பினாள். "எந்த அக்கா?"

"நம்ம அக்கா. உனக்கும் எனக்கும் அக்கா."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வேலிக்கு அப்பால் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று வகுப்பில் பேசுவது போல் உரக்கவே சொன்னேன். மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அறுபத்திரண்டு வயதில் தனக்கு ஓர் அக்கா இருந்ததாக அறிந்த என் தங்கை, ஆட்டோவின் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு கேட்டாள்: "அவ என்னத் தூக்கி வச்சிருக்காளா?"

"தூக்க முடியாது. நீதான் போய் அவ பக்கத்துல படுத்துப்ப. அவ முடியப் பிடிச்சிக்கிட்டாத்தான் உனக்குத் தூக்கம் வரும்."

தங்கை தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள்.

மருமகள் அழவில்லை, சத்தம் போடவுமில்லை. "டாக்டர் கேட்டப்ப நான் பக்கத்துலதான மாமா உக்காந்திருந்தேன்?" என்று மட்டும் கேட்டாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

மறுநாளே மகன் சென்னைக்குப் போய் இரத்தம் கொடுத்தான். இருவரிடமும் அதே குறை இருப்பதாக முடிவு வந்தது. அவன் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போனான். மருமகள் உள்ளே வரச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. ஊர் அவளைப் பற்றிப் பேசுவதை நிறுத்தி எங்கள் வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கியது. பாடு பிரிக்கும் கூட்டத்தில் இப்போது என் வார்த்தைக்காக எவரும் காத்திருப்பதில்லை. அது அவர்கள் உரிமை.

இரண்டு மாதங்களுக்குப் பின் மருமகளிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. நலம் விசாரிக்கவில்லை. "டாக்டர் ஒரு லிஸ்ட் குடுத்திருக்காங்க. உங்க அக்காவுக்கு எது எது எப்ப ஆச்சுன்னு எழுதி அனுப்பணுமாம். நீங்க சொன்னா எழுதிக்கறேன்" என்றாள்.

நான் சொல்லத் தொடங்கினேன். எத்தனை வயதில் தனியாக நிற்பது நின்றது. எந்த மழைக்காலத்தில் கரண்டி கையிலிருந்து நழுவத் தொடங்கியது. முதுகு எந்தப் பக்கம் வளைந்தது. பார்வை எப்போது மங்கியது. சோற்றை எப்போது கரைத்துக் கொடுக்க நேர்ந்தது. இந்த விவரங்களை அறுபது ஆண்டுகளாக ஒருமுறையும் நினைத்துப் பாராதவன் நான். ஆனால் ஒன்றும் அழிந்திருக்கவில்லை. கேட்டது கேட்டபடி, நாள் கிழமையோடு வந்துகொண்டே இருந்தது. மறுமுனையில் பேனா காகிதத்தில் உரசும் ஒலி கேட்டது. அக்காவின் கடந்த காலத்தை நான் சொல்லச் சொல்ல, அவள் தன் மகளின் வரப்போகும் ஆண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக்கொண்டிருக்கிறாள் என்பது பாதியில்தான் எனக்கு உறைத்தது. நான் நிறுத்தினேன்.

அவளுக்குப் பின்னால், அறையின் எங்கோ ஒரு மூலையிலிருந்து, குழந்தை எவரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இதோ வரேன் கண்ணு" என்று அவள் அங்கே திரும்பிச் சொன்னாள். பிறகு என்னிடம், "பதிமூணு வயசு வரைக்கும் எழுதிட்டேன். நிறுத்தாதீங்க மாமா. அப்பால இன்னா ஆச்சு, சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன்.