நாலாவது சிலிண்டர்

மாமாவின் காருக்கு என்னைவிட மூன்று மடங்கு வயது இருக்கும். பொகவந்தலாவைக் கடைவீதியில் அதை வைத்துத்தான் வாடகைக்கு ஹயர் ஓடிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு ஒரே அண்ணன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். காரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அவர் பேச்சில் பாதியைத்தான் நம்புவார்கள். நான் முழுவதையும் நம்பினேன். அன்று காலை நடந்ததைப் பார்த்த பிறகு, ஊரே நம்ப வேண்டும் என்று தோன்றியது.

அன்றுதான் அம்மா வெளிநாட்டுக்குப் புறப்பட்டாள். ஏதோ ஓர் அரபு நாட்டில் வீட்டு வேலை, இரண்டு வருடம் என்று சொன்னார்கள். எனக்கு எட்டு வயது. இரண்டு வருடம் என்றால் இரண்டு தீபாவளி, என் கணக்கு அவ்வளவுதான். ஹட்டனில் காலை ரயிலைப் பிடித்தால்தான் கொழும்பில் ஏஜென்சிக்காரரைப் பார்க்கலாம், அன்றிரவு விமானம் ஏறலாம். ரயில் தவறினால் எல்லாமே தவறும் என்று அப்பா முந்தின நாளே பல தடவை சொல்லிவிட்டார். தம்பி அழுது ஊரைக் கூட்டுவான் என்பதால் அவனைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டோடு நின்றுவிட்டார்.

தூரப் பயணம் என்றால் எங்கள் ஆட்கள் வண்டிக்குச் சாமி கும்பிடாமல் ஏற மாட்டார்கள். அம்மா சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள், கண்ணாடிக்குப் பொட்டு வைத்தாள். எண்ணெய் பார்க்க மாமா பானட்டைத் திறந்து போட்டுவிட்டு, பெட்டியைக் கட்டப் போயிருந்தார். அம்மா அதற்குள்ளும் வேப்பிலையால் மஞ்சள் தண்ணீரைத் தெளித்தாள். தெளித்தது போதாதென்று சொம்பில் மிச்சமிருந்ததையும் கவிழ்த்துவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

கிளம்பியதிலிருந்தே கார் குலுங்கியது. சமதரையில் எப்படியோ உருண்டது. டிக்கோயாவுக்கு முன்னால் ஓர் ஏற்றத்தில், பள்ளிக்கூடத்துக்கு நடந்து போன பிள்ளைகள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் அதுவும் முடியாமல் கார் நின்றது. மாமா இறங்கி, சக்கரத்துக்குக் கல் கொடுத்தார்.

அம்மாவும் இறங்கினாள். புதுச் சேலையில் அவளைப் பார்க்க யாரோ மாதிரி இருந்தது.

“சாமிக்கே இஷ்டமில்ல போலண்ணே. இன்னைக்கு வேணாம், திரும்பிருவோம்” என்றாள்.

“சாமிய ஏன் இழுக்குற? நாலுல ஒண்ணு வேலை செய்யல. எதுன்னு தெரிஞ்சா போயிரலாம்.”

எஞ்சினுக்குள் நாலு சிலிண்டர் இருக்கிறது, ஒவ்வொன்றும் முறை வைத்து எரிந்து தள்ளினால்தான் வண்டி ஏறும் என்று மாமா எனக்குச் சொன்னார். நாலு பேர் தள்ளுகிற இடத்தில் ஒருவன் சும்மா கையை வைத்துக்கொண்டு வருகிறானாம். அவனைப் பிடிக்க வேண்டும். ஸ்பேனர் கிடக்கும் ஆயுதப் பெட்டியைத் திறப்பார் என்று பார்த்தேன். அவர் கேட்டது ரயிலில் குடிக்க அம்மா கொண்டுவந்திருந்த, பால் ஊற்றாத பிளேன்டீயை.

பிளாஸ்க் மூடியில் ஊற்றி, ஆற்றி, என் கையில் கொடுத்தார். மாமா நிறுத்தாமல் விட்டிருந்த எஞ்சின் இழுத்து இழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கவாட்டிலிருந்து புகை போகும் நாலு குழாய்கள் வெளியே வந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டு விட வேண்டும், விரல் மட்டும் படக் கூடாது. முதல் குழாயில் விட்டேன். சுர்ரென்று கத்திவிட்டுச் சொட்டு காணாமல் போனது. இரண்டாவதிலும் அப்படியே, மூன்றாவதிலும் அப்படியே. நாலாவதில் சொட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. பிறகு சாவகாசமாக வழிந்து கீழே விழுந்தது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இரும்பைப் பிரிக்காமல், உள்ளே எட்டிப் பார்க்காமல், ஒரு சொட்டுத் தேத்தண்ணீரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிகிறதே! மாமா அதோடு விடவில்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் மின்சாரம் போகும் வயர்களைக் காய்ந்த துணியால் பிடித்து ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். முதல் மூன்றையும் கழற்றும்போது எஞ்சின் திணறியது. நாலாவதைக் கழற்றியபோது சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று அது பாட்டுக்கு ஓடியது.

“கண்டுபிடிச்சது நீதான் மருமகளே” என்றார். இந்த உலகத்தில் எனக்குத் தெரியாதது இனி ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எஞ்சினை நிறுத்தி, அந்த வயரின் மூடியை எடுத்துக் கவிழ்த்தார். மஞ்சள் தண்ணீர் சொட்டியது. மாமா அம்மாவைப் பார்த்தார்.

“நல்லபடியா போயிட்டு வரணும்னுதானே ஊத்தினேன்” என்றாள் அம்மா.

வேறு நாளாக இருந்தால் மாமா இதை வைத்தே ஒரு மாதம் சிரித்திருப்பார். அன்று சிரிக்கவில்லை. எதையும் கடகடவென்று செய்து முடிக்கிறவர், அந்த மூடியையும் பிளக்கையும் மட்டும் சட்டை நுனியால் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். மாட்டி ஸ்டார்ட் செய்ததும், ஒரு பிசிறும் இல்லாமல் எஞ்சின் ஓடியது.

அம்மா ஏறவில்லை. நாங்கள் வந்த பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாமாவும் அவளைக் கூப்பிடவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு அருமையாகச் சரிசெய்த பிறகு ரயிலை விடுவதா?

“ஏறும்மா, ரயில் போயிரும்” என்று அவள் கையைப் பிடித்து இழுத்து, காருக்குள் ஏற்றி, கதவை நானே அடித்துச் சாத்தினேன்.

ரயிலைப் பிடித்துவிட்டோம். ஹட்டன் ஸ்டேஷனில் அம்மா என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, வீட்டுக்குப் போனதும் சோப்புப் போட்டுக் கழுவு என்றாள். தம்பியைப் பார்த்துக்கொள் என்றாள். இரண்டு வருடம் ஏழு வருடமாகும் என்று அவளுக்கும் அப்போது தெரியாது. அவள் திரும்பி வந்தபோது தம்பி அவளை வாங்க போங்க என்றுதான் கூப்பிட்டான், விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி. அன்று அந்த மேடையில் அவள் அழுதுகொண்டு நின்றாள். நானோ, நாலாவது சிலிண்டரைக் கண்டுபிடித்ததற்கு ஒரு வார்த்தையாவது பாராட்டுவாள் என்று ரயில் நகரும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.