டெய்லரம்மா காரின் இடது ஸ்பீக்கர்

கார் ஸ்டீரியோ மாட்டித் தருகிற அவருக்குக் கடைத்தெருவில் 'பாம்புக்காது' என்று பெயர். முன்சீட்டில் உட்கார்ந்து அரைப்பாட்டு கேட்டால் போதும், பின்கதவு ஸ்பீக்கரில் ஒயர் தளர்ந்திருப்பதைச் சொல்லிவிடுவார். முப்பது வருஷமாகக் கட்டிக்காத்த அந்தப் பெயருக்குத்தான் இப்போது ஆபத்து. எட்டு மாதமாக வலது காது கேட்கவில்லை. முதலில் சளி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், அப்புறம் குளிர்காற்று என்றார், டாக்டரிடம் மட்டும் போகவில்லை. வீட்டில்கூட மூச்சு விடவில்லை. வீம்பு என்றால் அப்படியொரு வீம்பு.

அன்று டெய்லரம்மா தன் பழைய காரோடு வந்தாள். ஸ்டீரியோ செத்துவிட்டது, புதுசு வேண்டும்.

"ஸ்பீக்கரைத் தொடாதீங்கண்ணே. காரோட வந்தது, நல்லாத்தான் பாடுது. ஒட்டுப் போட்டாப் போதும்கிற இடத்துல நான் புதுத்துணி வெட்டமாட்டேன்."

பழைய செட்டை உருவினார். ஒயர் ஒன்றைக்கூட வெட்டாமல், நிறம் பார்த்துப் புதுசெட்டோடு சேர்த்தார். கை சுத்தமான கை, அதில் குறை சொல்ல முடியாது. பிறகு முன்சீட்டில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் சத்தம் சமமாகக் கேட்கும்வரை பேலன்ஸ் குமிழைத் திருப்பினார்.

அவர் எழுந்ததும் டெய்லரம்மா உட்கார்ந்து கேட்டாள். "என்னண்ணே, எல்லாச் சத்தமும் வலப்பக்கமே கொட்டுது?"

"இடது ஸ்பீக்கருக்கு வயசாயிடுச்சும்மா. ரெண்டையும் மாத்திடலாம்," என்றார் வாய் கூசாமல். போன மாதம் இரண்டு பேரிடம் இந்தச் சப்பைக்கட்டு பலித்திருந்தது.

டெய்லரம்மாவிடம் பலிக்கவில்லை. "பழைய செட்டு சாகற வரைக்கும் பாடிச்சே! திடீர்னு எப்படி வயசாகும்? கழட்டிக் காட்டுங்க."

கதவின் உள்பலகையைக் கழற்றி, ஸ்பீக்கர் ஒயர் முனைகளில் ஒரு பென்சில் பேட்டரியைத் தொட்டார். காகிதக் கூம்பு விரலடியில் டப்பென்று துள்ளியது. வலது கதவிலும் செய்து பார்த்தார். அதே துள்ளல், இம்மியும் கூடக்குறைய இல்லை.

போன மாதம் கழற்றி மாற்றிய ஸ்பீக்கர்களும் இப்படித்தான் இருந்திருக்கும். நினைத்ததும் அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இன்னொரு பொய்யும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நல்லவேளை, அதை விழுங்கிவிட்டார்.

"ஸ்பீக்கர் நல்லாருக்கும்மா. எனக்குத்தான் வலது காது கேக்கல."

நாளைக்குக் கடைத்தெருவே சிரிக்கும் என்று தலை குனிந்துகொண்டார். டெய்லரம்மா சிரிக்கவில்லை. தன் மூக்குக்கண்ணாடியைத் தட்டிக் காட்டினாள்.

"இது இல்லாம என்னால ஊசி கோக்க முடியாது. அதுக்காகக் கடையை மூடிட்டேனா? நான் கேட்டுச் சொல்றேன், நீங்க திருப்புங்க."

அவள் சொல்லச் சொல்லத் திருப்பினார்.

"போதும்ணே. பாட்டு இப்ப நடுவுல நிக்குது."

போன மாதத்து இரண்டு பேருக்கும் உடனே போன் போட்டு, பழைய ஸ்பீக்கரையே மாட்டிப் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். கழற்றிய ஸ்பீக்கர்கள் கடைப் பரணில் பத்திரமாகத்தான் கிடந்தன.

சாயங்காலம் வீட்டில் மனைவி டீயோடு வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காதே. எனக்கு வலது காது..."

"தெரியும். கட்டில்ல நான் உங்க இடப்பக்கம் மாறிப் படுத்து எட்டு மாசமாச்சு."

"ஜன்னல் பக்கம் வேணும்னுதானே சொன்னே?"

"ஜன்னலாம் ஜன்னல்! நான் பேசறது உங்களுக்குக் கேக்க வேண்டாமா?"